மாடலுக்குத் தெரிவது அந்தக் குறிப்பு மட்டும்தான்

“வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து மதுரைக்கு என்னென்ன ரயில் இருக்கு?” என்று ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம், அதாவது கருவிகளைக் கூப்பிட்டு வேலையை முடித்துத் தரும் ஏஐயிடம், கேட்கிறீர்கள். அதனிடம் ரயில் தேடும் கருவி ஒன்று இருக்கிறது. கொடுத்த நிலையத்தில் மட்டும் தேடும் எளிய கருவி என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் புறப்படும் நிலையமாக ‘எம்ஏஎஸ்’ என்று கொடுக்கிறது. மெட்ராஸ் காலத்திலிருந்து வரும் குறியீடு அது, சென்னை சென்ட்ரலுக்கு உரியது. ஆனால் பாண்டியன், வைகை என்று மதுரை ரயில்களில் பெரும்பாலானவை வழக்கமாகக் கிளம்புவது எழும்பூரிலிருந்து. அதன் குறியீடு ‘எம்எஸ்’. எனவே கண்ணெதிரே இருக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பட்டியலில் வராமல் போகிறது.

தென் மாவட்ட ரயில் என்றால் எழும்பூர் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவியை எழுதியவருக்கும் அப்படித்தான், அதனால்தான் அவர் அதைக் கருவியின் விளக்கக் குறிப்பில் எழுதி வைக்கவில்லை. ஏஜென்ட்டுகள் தடுமாறும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம்.

ஏன் இப்படி ஆகிறது? ஏஜென்ட்டின் மூளையான மொழி மாடல் எந்தக் கருவியையும் தானே இயக்குவதில்லை. “இந்தக் கருவியை இந்த உள்ளீடுகளோடு கூப்பிடு” என்று ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுதித் தருகிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் நிரல் அதைப் படித்து, கருவியை இயக்கி, கிடைத்த விடையை மறுபடி எழுத்தாக மாடலிடம் கொடுக்கிறது. 2023 ஜூனில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ இந்த வசதியைத் தன் ஏபிஐயில் (பிற நிரல்கள் மாடலோடு பேசும் இடைமுகம்) கொண்டுவந்தது. 2024 நவம்பரில், கிளாட் மாடல்களை உருவாக்கும் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்), கருவிகளை எந்த ஏஜென்ட்டோடும் இணைப்பதற்கான பொது நெறிமுறையாகப் பரவியது. இரண்டிலுமே ஒரு கருவியைப் பற்றி மாடலுக்குப் போவது முக்கியமாக மூன்று விஷயங்கள்தாம்: பெயர், விளக்கக் குறிப்பு, உள்ளீடுகளின் பட்டியல். உள்ளே இருக்கும் நிரலையோ டேட்டாபேஸையோ அது பார்ப்பதில்லை. குறிப்பில் இல்லாததை ஊகித்துத்தான் நிரப்பும்.

ரயில் கருவியின் குறிப்பு “ரயில்களைத் தேடும்” என்று ஒரே வரியில் முடிந்திருந்தால், நான் அதை இப்படி மாற்றுவேன்:

“இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நாளில் ஓடும் ரயில்களின் பட்டியலைத் தரும். ஊர்ப்பெயரை ஏற்காது, நிலையக் குறியீடு வேண்டும். ஒரே ஊரில் பல நிலையங்கள் இருந்தால், நிலையம் தேடும் கருவியிடம் எல்லாக் குறியீடுகளையும் பெற்று ஒவ்வொன்றுக்கும் தேடவும். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தரவும், எடுத்துக்காட்டு: 2025-04-03. பயணி ரயில் ஏறும் நாளைத் தரவும், ரயில் தன் முதல் நிலையத்தை விட்டுக் கிளம்பும் நாளை அல்ல. இருக்கை காலியா என்று சொல்லாது, டிக்கெட்டும் எடுக்காது.”

தேதி வரிசையை ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாடல் இரண்டு வழக்கத்தையும் படித்து வளர்ந்தது. இந்தக் குழப்பத்துக்காகவே 1988இல், தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதச் சொல்லும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. கடைசி வரியும் முக்கியமானது. ஒரு கருவி எதைச் செய்யாது என்று சொல்லாவிட்டால், பட்டியலில் பெயர் இருக்கும் ரயிலில் இடமும் இருக்கிறது என்று ஏஜென்ட் பயணியிடம் சொல்லிவிடக்கூடும்.

குறிப்பை எவ்வளவு நன்றாக எழுதினாலும் சில தவறுகள் தீராது. அங்கே கருவியையே மாற்ற வேண்டும். நிரல்களைத் திருத்தும் ஏஜென்ட் ஒன்றை உருவாக்கியபோது ஆந்த்ரோபிக் குழுவினர் இதைக் கண்டார்கள். ஏஜென்ட் வேறொரு ஃபோல்டருக்குள் போனபின், கோப்பின் இடத்தைத் தொடக்க ஃபோல்டரிலிருந்து முழுதாக எழுதாமல் பாதி வழியாக மட்டும் எழுதித் தவறு செய்துகொண்டே இருந்தது. அவர்கள் முழு வழியை மட்டுமே ஏற்கும்படி கருவியை மாற்றினார்கள், அதன்பின் அந்தத் தவறு நின்றது. டொயோட்டாவோடு வேலை செய்த ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ ‘போக்கா-யோக்கே’ என்று அழைத்த முறை இதுதான்: தவறாகப் பொருத்தவே முடியாதபடி பாகத்தை வடிவமைப்பது. நம் ரயில் கருவியில் வகுப்பைக் கேட்கும் இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதவிடாமல் 1ஏ, 2ஏ, 3ஏ, எஸ்எல் என்று தேர்வுப் பட்டியலாகக் கொடுத்துவிட்டால், “ஏசி ஸ்லீப்பர்” என்று புதிதாக ஒன்று முளைக்காது.

பிழைச் செய்தியும் ஒரு குறிப்புதான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். “பிழை 400” என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் அதே தவறை வேறு எழுத்துக்கூட்டலில் மறுபடி முயலும். “‘சென்னை’ நிலையக் குறியீடு அல்ல. எம்ஏஎஸ், எம்எஸ், டிபிஎம் (தாம்பரம்) ஆகிய ஒவ்வொன்றையும் தந்து தேடவும்” என்று சொன்னால் அடுத்த முயற்சியிலேயே சரியாகிவிடும்.

சரி, எல்லாவற்றையும் எழுதித் தள்ளிவிடலாமா என்றால் அதுவும் கூடாது. இணைத்திருக்கும் கருவிகளின் குறிப்புகள் பொதுவாக ஒவ்வொரு அழைப்பிலும் மாடலின் கவனத்தில் இடம் பிடிக்கின்றன. ஐம்பது கருவிகள் இருந்தால், பயனர் கேள்வி கேட்பதற்கு முன்பே பல பக்கங்கள் நிரம்பிவிடும். ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்றாக்கிவிடுவது நல்லது. எப்போது எது என்பதை எழுதியவராலேயே ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாதபோது, மாடல் எப்படித் தேர்ந்தெடுக்கும்? அப்புறம், மாடல் குறிப்பை நம்பிப் படிக்கிறது என்பதால் அதற்குள் தீய கட்டளையை ஒளித்து வைக்கவும் முடியும் என்று 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். யாரோ எழுதிய கருவியை இணைக்கும் முன் அதன் குறிப்பை முழுதாகப் படியுங்கள்.

எழுதியதைச் சோதிக்க, மக்கள் உண்மையில் பேசும் விதத்தில் இருபது முப்பது கேள்விகளைக் கொடுத்து, ஏஜென்ட் அனுப்பிய அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பதிலை மட்டும் பார்த்தால் போதாது. ஆந்த்ரோபிக்கின் இணையத் தேடல் கருவி இதற்கு நல்ல உதாரணம். தேவையே இல்லாத இடத்திலும் மாடல் தேடல் சொற்களோடு ‘2025’ என்று சேர்த்துக்கொண்டிருந்தது, அதனால் முடிவுகள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. குறிப்பைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள்.

நம் ரயில் கருவிக்கு நான் முதலில் கொடுக்க நினைக்கும் கேள்வி இது: “நாளைக்கு ராத்திரி 12.30க்கு திருச்சியில் ஏறணும், மதுரைக்கு.” திருச்சியை டிபிஜே என்று மாற்றுவது சுலபம். ஆனால் எந்தத் தேதி? நாளை இரவு தூங்காமல் விழித்திருந்து ஏறுவதைச் சொல்கிறாரா, இன்று நள்ளிரவு தாண்டியதும் பிறக்கும் நாளையைச் சொல்கிறாரா? கவுன்ட்டரில் இருப்பவரும் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் டிக்கெட் போடுவார். ஆகவே குறிப்பில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: “ஏறும் நேரம் நள்ளிரவுக்கும் காலை 4 மணிக்கும் இடையில் இருந்தால், தேடும் முன் தேதியைப் பயணியிடம் கேட்டு உறுதி செய்யவும்.”