தேறாது என்று தெரிந்த பிறகு

நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் கேள்வியை நேராகக் கேட்பதில்லை. "இனி இது தேறுமா டாக்டர்?" என்பார்கள். "ரொம்ப அவஸ்தைப்படுகிறதே" என்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்னால் நின்றபடி, "வேறு வழி ஏதாவது இருந்தால் பாருங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொல்வார். ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவிடலாமா என்றுதான் அவர்கள் கேட்க வந்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தாங்களே கொன்றதாகிவிடும் என்ற அச்சம் முகத்தில் தெரியும்.

தருமபுரியில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு, நோயைவிட இந்த அச்சம்தான் அதிகக் கவலை தருகிறது. அச்சத்தால் முடிவு தள்ளிப்போகிறது. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளையும் வலியாக அனுபவிப்பது அந்த வாயில்லா ஜீவன்தான்.

நம் பகுதியில் இந்த அச்சத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியன்று போகிறவர்கள் இங்கே ஏராளம். நாய் பைரவரின் வாகனம். "மாதம் தவறாமல் அவர் சன்னதியில் விளக்குப் போடுகிறேன். அவருடைய வாகனத்தைக் கொல்ல நானே சொல்வதா?" என்று காரிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய நாய்க்கு முன்காலில் எலும்புப் புற்றுநோய் முற்றியிருந்தது. காலை ஊன்ற முடியாது. இரவெல்லாம் படுக்காமல் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். நான் அவருக்குச் சாஸ்திரம் சொல்லவில்லை, எனக்கு அந்தத் தகுதி கிடையாது. கட்டியின் அருகே கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவரே பார்த்தார். "இந்த வலியைக் குறைக்க இதுவரை கொடுத்த மருந்து எதுவும் இனிக் கேட்காது" என்றேன். மறுநாள் காலையில் மனைவியோடும் மகனோடும் வந்தார்.

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று நோயில் விழுந்து துடித்துக்கொண்டிருந்தது. இனிப் பிழைக்காது என்று தெரிந்ததும், மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு அதன் உயிரை முடிக்க காந்தி சம்மதித்தார். கோபமான கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. அது அகிம்சைக்கு உட்பட்ட செயல்தான் என்று தம் பத்திரிகைகளிலேயே எழுதி வாதாடினார். பாவ புண்ணியக் கணக்கில் தவிப்பவர்களிடம் இதைச் சொல்வேன். சிலருக்கு ஆறுதலாக இருக்கும். சிலர் அப்போதும் வேண்டாம் என்பார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. வலியை மருந்தால் அடக்க முடிகிறவரை, வீட்டிலேயே இயற்கையாகச் சாகட்டும் என்று நினைப்பதும் மரியாதைக்குரிய முடிவுதான். அடக்க முடியாமல் போகும்போது மட்டும் மறுபடியும் பேசுவேன்.

ஊசியே தேவையில்லாத இடத்தில் ஊசி கேட்பவர்களும் உண்டு. புழு வைத்த புண்ணோடு வரும் நாயின் நாற்றத்தைப் பார்த்துவிட்டு, இது அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புழுக்களை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பயங்கரமாகத் தெரிந்த புண்ணும் பெரும்பாலும் ஆறிவிடுகிறது. இனச்சேர்க்கை மூலம் பரவி, பிறப்புறுப்பில் ரத்தம் ஒழுகும் கட்டி ஒன்று உண்டு. அதையும் புற்றுநோய் என்று கேட்டதும் வீட்டார் கைவிடத் துணிகிறார்கள். வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போட்டால், சில வாரங்களில் பெரும்பாலான நாய்களுக்கு அது கரைந்து போய்விடும். உண்ணிக் காய்ச்சலில் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும் நாய், நேரத்தில் மருந்து கிடைத்தால் எழுந்து ஓடும். எனவே நோய் இன்னதென்று உறுதியாகத் தெரியாமல் யாரும் இந்த முடிவுக்கு வரக்கூடாது. ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ இல்லாமல் ஒரு மருத்துவர் உடனே ஊசியை எடுத்தால், காரணம் கேளுங்கள்.

ஐயம் இருந்தால் இன்னொரு மருத்துவரைக் கேட்பது உங்கள் உரிமை. நாமக்கல்லிலும் தலைவாசலிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். ஆனால் லாரியில் அடிபட்டு முதுகெலும்பு முறிந்த நாயைக் காரில் போட்டுத் தொப்பூர்க் கணவாயின் வளைவுகளில் உருட்டிக்கொண்டு போவதற்கு முன், எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்குள்ளவர்களின் கருத்தைக் கேளுங்கள். வலிக்கு ஊசி போடாமல் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

நல்ல உடம்போடு இருக்கும் நாய்க்கு நான் ஊசி போடுவதில்லை. வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றலாகிப் போகிறோம், குரைக்கிறது என்ற காரணங்களுக்கு வேறு வழி தேடலாம், நானும் சேர்ந்து தேடுகிறேன். ஆளில்லாத சாலையோரத்தில் இறக்கிவிட்டு வருவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வயலுக்கு வாங்கிய மருந்தைச் சோற்றில் கலந்து வைப்பதை இன்னும் சில கிராமங்களில் கருணை என்று நம்புகிறார்கள். அந்த நாய்கள் வலிப்பு கண்டு, வாயில் நுரை தள்ளி, நினைவோடு துடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, தேறாது என்பது உறுதியாகிவிட்டது. எப்போது ஊசி போடுவது? இதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

"பால் குடிக்கிறது டாக்டர், அதனால் வலி இருக்காது" என்று அடிக்கடி கேட்கிறேன். கடைசி நாள்வரை சாப்பிடும் நாய்கள் உண்டு. வாலாட்டுவதும் அப்படித்தான், உங்களைக் கண்டால் வலியோடும் வாலாட்டும். நாய் கத்தினால்தான் வலி என்று நினைக்காதீர்கள். வெயில் இல்லாத இரவில் மூச்சிரைக்கிறதா, படுக்க இடம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருக்கிறதா, தொட்டால் உறுமுகிறதா, எப்போதும் ஓடிவரும் கேட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டதா என்று பாருங்கள். பூனை இன்னும் அழுத்தக்காரி. வலி வந்தால் கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ போய் ஒளிந்துகொள்ளும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டாம். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும். டைக்ளோஃபினாக்கும் இபுபுரூஃபனும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஒரு மதிப்பீட்டு முறையைக் கொடுத்தார். வலி, பசி, உடம்பில் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்த எண்ணைவிடக் கடைசிக் கேள்வி பெரிதும் உதவுகிறது. சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் தினமும் இரவு ஒரு குறி போடச் சொல்கிறேன். நல்ல நாள் என்றால் வட்டம், கெட்ட நாள் என்றால் பெருக்கல் குறி. மனது அன்றாடம் ஊசலாடும். நேற்று கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தது என்பதையே பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு வாரக் குறிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வீட்டில் யாருக்கும் அப்படி வாதாடத் தோன்றுவதில்லை.

அந்தக் குறியை யார் போடுவது என்பதும் முக்கியம். மருத்துவமனையில் அதிகம் பேசுகிறவரை விட்டுவிட்டு, அதற்குச் சோறு வைத்து, கழுவித் துடைத்து, ராத்திரியில் புரட்டிப் படுக்கவைப்பவர் சொல்வதைத்தான் நான் முதலில் கேட்பேன். காவேரிப்பட்டணத்து வீடு ஒன்றில், சிறுநீரகம் செயலிழந்த பதினான்கு வயது லாப்ரடாருக்காக மூன்று பிள்ளைகளும் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். மூத்தவர் வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பில், "நான் வரும்வரை வைத்திருங்கள்" என்றார். அவர்களுடைய அம்மா எதுவும் பேசவில்லை. கேட்டபோது, "அதன் வாயில் புண் டாக்டர். தண்ணீர் குடிக்கப் போய்க் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறது" என்றார். அவர் வர இன்னும் பத்து நாள் இருந்தது. அவர் வீடியோவிலேயே விடைபெறட்டும் என்று அம்மா சொன்னார், அப்படியே நடந்தது. நம் வசதிக்காக விலங்கைக் காத்திருக்கச் சொல்லக்கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

பணமும் ஒரு காரணம்தான். அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். எவ்வளவு செலவழிக்க முடியும் என்று முன்பே தெரிந்தால், அதற்குள் வலியில்லாமல் என்ன செய்யலாம் என்று மருத்துவர் யோசிப்பார். நள்ளிரவில், நாய் மூச்சுத் திணறும்போது, அழுதுகொண்டே எடுக்கும் முடிவு யாருக்கும் நிம்மதி தராது. ஆகவே நோய் தெரிந்த வாரத்திலேயே இதைப் பேசிவிடுங்கள்.

வெறிநோய்க்கு மட்டும் நான் இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. திடீரென்று கடிக்க வரும், தாடை தொங்கி எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் தவிக்கும் நாயை விடைகொடுப்பதற்காக மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். தனியே அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். கடிபட்டிருந்தாலும் எச்சில் பட்டிருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போடும்போது என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் நாய் அயர்ந்து தலையைச் சாய்க்கும். ஆழ்ந்த மயக்கம் வந்த பிறகு, முன்காலின் ரத்தநாளத்தில் மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துவோம். மூளை உணர்வை இழக்கிறது, மூச்சு நிற்கிறது, இதயம் நிற்கிறது. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே சொல்வோம். கண்கள் மூடாது. உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். இவை உடம்பின் அனிச்சைச் செயல்கள், வலி இல்லை. சொல்லாமல் விட்டால் பார்ப்பவர்கள் உயிரோடு துடித்தது என்று ஆண்டுக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். "முதலில் மயக்கம் கொடுப்பீர்களா?" என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். முடிந்தால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், பழகிய திண்ணையில் அதற்குப் பயம் இருக்காது.

கூட இருக்க முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். முடிந்தால் இருங்கள் என்பது என் வேண்டுகோள். நீங்கள் அறையைவிட்டு வெளியே போனால், மயக்கம் வரும்வரை அது கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவராவது அதன் தலைமாட்டில், பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருங்கள். தாங்க முடியாதவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பதிலாக நானும் என் உதவியாளரும் பேசுவோம்.

குழந்தைகளிடம் நாய் ஓடிப்போய்விட்டது என்று பொய் சொல்லாதீர்கள். குழந்தை தெருத்தெருவாகத் தேடும். நாயைத் தூங்க வைத்துவிட்டோம் என்றாலோ, குழந்தை தான் தூங்குவதற்கே பயப்படும். நோய் குணமாகவில்லை, ரொம்ப வலித்தது, டாக்டர் மருந்து கொடுத்தார், இறந்துவிட்டது என்று சொன்னால் போதும்.

உடலைப் புதைக்க நான்கைந்து அடி ஆழமாவது வேண்டும். நாங்கள் செலுத்திய மருந்து உடலில் அப்படியே இருக்கும். ஆழமில்லாத குழியைத் தெருநாயோ நரியோ தோண்டித் தின்றால் அவையும் சாகக்கூடும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி போன்ற காட்டோரங்களில் இன்னும் கவனம் வேண்டும். கிணறு, ஏரி, போர்வெல் பக்கம் வேண்டாம். சொந்த இடம் இல்லாத நகரவாசிகள் நகராட்சியையோ மாநகராட்சியையோ கேட்டுச் செய்யலாம். சாக்குப்பையில் கட்டி ஏரிக்கரையில் எறிந்துவிட்டு வருவது மட்டும் கூடாது.

பிறகு வருவது துக்கம். அதோடு, சீக்கிரம் செய்துவிட்டோமோ என்ற அரிப்பு. தாமதித்தவர்களுக்கும் அதே அரிப்பு உண்டு. காலண்டரை எறியாமல் வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகவும்தான். இரவில் மனது குடையும்போது அந்தப் பெருக்கல் குறிகளை எடுத்துப் பார்க்கலாம். "ஒரு நாய்க்குப் போய் இப்படி அழுகிறாயே" என்று அக்கம்பக்கத்தில் சொன்னால் கூச வேண்டாம். ஊத்தங்கரையைத் தாண்டிப் போனால் வரும் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காத்து மாண்ட வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கோவிவன் என்ற அதன் பெயரோடு கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். சோறும் தூக்கமும் வாரக்கணக்கில் பிடிக்காமல் போனால், குறிப்பாகத் தனியாக இருக்கும் முதியவர்கள், மருத்துவரிடம் சொல்லத் தயங்கக்கூடாது.

அடுத்த நாய் எப்போது என்றும் கேட்பார்கள். மனது எப்போது கேட்கிறதோ அப்போது. ஆனால் உங்கள் நாய் பார்வோ என்ற வைரஸ் நோயில் போயிருந்தால், அந்த வைரஸ் வாசல் மண்ணிலேயே பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். சிமெண்டுத் தரையையும் கிண்ணங்களையும் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். பழைய படுக்கையை எரித்துவிடுங்கள். புதுக் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, பதினாறு வாரம்வரை உரிய இடைவெளியில் எல்லா ஊசிகளையும் போட்டு முடித்த பிறகே அந்த வாசலில் விடுங்கள்.