உங்கள் சிவில் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, வழக்குப் போட வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "ஜெயிக்குமா சார்?" அடுத்து, "எத்தனை வருஷம் ஆகும்?" முதல் கேள்விக்கு ஆவணங்களைப் பார்த்து ஓரளவு பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு எங்கள் தொழிலில் பெரும்பாலோர் நினைவை வைத்துத்தான் பதில் சொல்கிறோம். நினைவில் நிற்பதோ ரொம்பவும் இழுத்த வழக்குகள்தான். சத்தமில்லாமல் முடிந்தவை நினைவுக்கு வருவதில்லை.

நீதிமன்றம் எப்படி நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது ஒன்று. எப்படி நடக்கிறது என்பதை வழக்குப் பதிவேடுகளிலிருந்தும் வழக்காடிகளிடமிருந்தும் எண்ணிப் பார்த்துச் சொல்லும் ஆய்வுகள் இன்னொன்று. இந்தியாவில் இந்த இரண்டாவது வகை ஆய்வு பரவலாக வர ஆரம்பித்தது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான். 2015-ல் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது அதற்குப் பெரிய உதவி. மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் நாலு கோடிக்கு மேல் வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, அதில் ஒரு கோடிக்கு மேல் சிவில் என்பதை இன்று யார் வேண்டுமானாலும் கைபேசியில் பார்க்கலாம்.

நெடுநாள் அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்ட எண் உலக வங்கியுடையது. இந்தியாவில் ஒரு ஒப்பந்த வழக்கு முடிய 1,445 நாள் ஆகும் என்றது அது. அந்த எண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். டெல்லி, மும்பை என்ற இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கற்பனை வழக்கை வழக்கறிஞர்களிடம் கொடுத்து, எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டு வாங்கிய மதிப்பீடு. ஒரு தாலுகா முன்சீப் கோர்ட்டில் கிடக்கும் வரப்புத் தகராறுக்கு அது எதையும் சொல்லாது. 2021-ல் அந்த அறிக்கையையே உலக வங்கி நிறுத்திவிட்டது.

வழக்காடிகளிடம் நேரடியாகக் கேட்ட ஆய்வும் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த தக்‌ஷ் என்ற அமைப்பு 2016-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 24 மாநிலங்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார்கள். சிவில் வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு நிலம், சொத்துத் தகராறு. ஒரு வாய்தா நாளுக்கு ஒரு சிவில் வழக்காடி சராசரியாக 497 ரூபாய் செலவழிக்கிறார். அதுபோக வேலைக்குப் போகாததால் 844 ரூபாய் இழக்கிறார். வக்கீல் ஃபீஸ் இதில் இல்லை. வாய்தா வாங்க எழுந்து நிற்கிற ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு எங்கள் காதில் விழ வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

சரி, காலம் எங்கே போகிறது? சினிமாவில் பார்க்கிற சாட்சி விசாரணையில் இல்லை. சாட்சியின் முதல் விசாரணையை, அதாவது அவர் தன் தரப்புக்காகச் சொல்வதை, பிரமாண வாக்குமூலமாக எழுதித் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2002-லேயே சட்டம் வந்துவிட்டது. குறுக்கு விசாரணை சாதாரண வழக்கில் சில மணி நேரம். வாதுரை அதைவிடக் குறைவு. இதையெல்லாம் கூட்டினால், பல வருடம் நடந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கில்கூட நீதிபதி அந்த வழக்கை உண்மையாகக் கேட்ட நேரம் சில வேலை நாட்களுக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் இரண்டு வாய்தாக்களுக்கு நடுவில் கிடந்த காலம்.

முதல் தேக்கம் சம்மன். பிராது, அதாவது வழக்கு மனு, கோப்புக்கு எடுக்கப்பட்டதும் பேட்டா, அதாவது சம்மன் அனுப்பும் கட்டணம், கட்ட வேண்டும். பல வழக்குகள் இங்கேயே ஒன்றிரண்டு வாய்தா இழக்கின்றன. அப்புறம் சம்மன் போகும், திரும்பி வரும். "கதவு பூட்டியிருந்தது", "அந்த விலாசத்தில் இல்லை", "வெளியூர் சென்றிருப்பதாக அக்கம்பக்கத்தார் தெரிவித்தனர்". உடனே புது விலாசம், புது பேட்டா, அடுத்த வாய்தா. பாகப்பிரிவினை என்றால் ஏழெட்டுப் பிரதிவாதிகள் சாதாரணம். ஒருவர் திருப்பூரில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில். கடைசி ஆளுக்குச் சம்மன் சேரும்வரை மற்றவர்களின் வழக்கும் சேர்ந்தே நிற்கும். கடைசியில் பத்திரிகை விளம்பரம் மூலம் அறிவிப்பு கொடுக்க மனுப் போடுவோம். அந்த மனுவுக்கும் வாய்தா உண்டு.

அடுத்தது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. பிரதிவாதி வரவில்லை, வாதிக்குத் தீர்ப்பு ஆகிவிடுகிறது. புள்ளிவிவரத்தில் அது முடிந்த வழக்கு. ஆனால் பிரதிவாதி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9 விதி 13-ன் கீழ் அதை ரத்து செய்யச் சொல்லி வருவார். அதற்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். வருவது இரண்டு வருடம் கழித்து. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு, அதில் எதிருரை (எதிர்த் தரப்பின் எழுத்துப் பதில்), விசாரணை, உத்தரவு, அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. மூல வழக்கு விட்ட இடத்திலேயே நிற்கும். முடித்த வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு நீதிமன்றத்தை எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். எளிதில் முடிவதை முடித்தால் எண்ணிக்கை ஏறும். பழைய, சிக்கலான வழக்கு அடுக்கில் கீழே போகும்.

இன்னொன்று மரணம். சொல்லவே கஷ்டமான விஷயம், ஆனால் சிவில் கோர்ட்டில் அன்றாடம் நடப்பது. ஒரு தரப்பினர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை நீக்கக் கோர மேலும் 60 நாள். அதுவும் தவறினால் தாமத மன்னிப்பு மனு. ஆக ஒரு இறப்பு மூன்று மனுக்களாக மாறுகிறது. புதிதாகச் சேர்ந்த வாரிசுகளுக்கு மறுபடி சம்மன். வழக்கு எவ்வளவு நீளுகிறதோ அந்த அளவுக்குத் தரப்பினர் இறக்கும் வாய்ப்பும் கூடும். இறக்க இறக்க வழக்கு இன்னும் நீளும். தாமதம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இடம் இது.

இதைச் சட்டத் திருத்தத்தால் சரிசெய்துவிடலாம் என்று 1999-லும் 2002-லும் முயன்றார்கள். எதிருரைக்கு 30 நாள், அதிகபட்சம் 90 நாள். விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது. இவை 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தத் திருத்தங்களை உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்துப் போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005 தீர்ப்பில் திருத்தங்கள் செல்லும் என்றார்கள். ஆனால் 90 நாள் என்பது கண்டிப்பான எல்லை இல்லை, விதிவிலக்கான நிலையில் நீட்டிக்கலாம். மூன்று வாய்தா வரம்பும் திடீர் விபத்து, மருத்துவமனை போன்ற கட்டாயங்களில் தளரும் என்று விளக்கினார்கள். நியாயமான விளக்கம்தான். விதிவிலக்காகச் சொன்னது அன்றாட வழக்கமாகிவிட்டதுதான் பிரச்சினை. டெல்லி உயர் நீதிமன்ற வழக்குகளை 'விதி' என்ற சட்டக் கொள்கை ஆய்வு மையம் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட அறிக்கையில், இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்த வழக்குகளில் பத்துக்கு ஒன்பதில் வாய்தா கேட்கப்பட்டு, கொடுக்கப்பட்டும் இருந்தது.

அமெரிக்காவில் இதே கேள்வியை 1970-களிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 21 நகர நீதிமன்றங்களை ஒப்பிட்ட 1978-ம் ஆண்டு ஆய்வு அது. வழக்குச் சுமை, நடைமுறை விதிகள் இவை மட்டும் ஒரு நீதிமன்றத்தின் வேகத்தை விளக்கவில்லை. அந்த ஊர் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் எவ்வளவு காலத்தை இயல்பு என்று பழகியிருக்கிறார்கள் என்பதே பெரிய வேறுபாடாக இருந்தது. இதைப் படிக்கிற எந்தத் தமிழ்நாட்டு வக்கீலுக்கும் தனக்குத் தெரிந்த இரண்டு கோர்ட்டுகள் ஞாபகத்துக்கு வரும். சட்டம் ஒன்று, படிகள் ஒன்று. ஒன்றில் வாய்தா கேட்கவே தயங்குவார்கள், இன்னொன்றில் கேட்காமலே கிடைக்கும்.

இதைச் சொல்வதால் நீதிபதிகள் போதும் என்று அர்த்தமில்லை. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-ல் பரிந்துரைத்தது; அதில் பாதியைக்கூட நாடு இன்னும் எட்டவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ வழக்குகளைப் பட்டியலில் வைத்துக்கொண்டு ஒரு நீதிபதி காலை முழுவதும் வழக்குகளை அழைத்து வாய்தா போடுவதிலேயே கழிக்க வேண்டியிருப்பது அவர் குற்றமும் இல்லை.

உங்கள் வழக்கில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர் எண் இருக்கிறது. உங்கள் வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் முதல் நாளிலிருந்து எல்லா வாய்தாவும், எதற்காகப் போடப்பட்டது என்பதும் வரும். அதை ஒரு நோட்டில் எழுதி, கட்ட வாரியாகப் பிரியுங்கள்: சம்மனுக்கு எத்தனை வாய்தா, எதிருரைக்கு எத்தனை, இடைமனுவுக்கு (வழக்கின் நடுவில் போடும் மனு) எத்தனை, விசாரணைக்கு எத்தனை. சில இடங்களில் கட்டத்தின் பெயர் பழையதாகவே இருக்கும், அதனால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பையும் திறந்து படிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கில் அந்த அம்மா, ஜட்ஜ் மாறிக்கொண்டே இருப்பதால்தான் இழுக்கிறது என்று நம்பியிருந்தார். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வாய்தா ஒரே ஒரு பிரதிவாதியின் சம்மனுக்குப் போயிருந்தது. சரியான விலாசம் அவருடைய தங்கைக்குத் தெரியும், யாரும் கேட்கவில்லை. கணக்கை வைத்துக்கொண்டு கேட்டால் கேள்வி துல்லியமாகும். "ஏன் சார் இழுக்குது?" என்பதற்குப் பதில் வராது. "மூணாவது பிரதிவாதிக்கு பேட்டா கட்டியாச்சா?" என்பதற்கு வரும்.

குடும்பத்தில் யார் இறந்தாலும், எதிர்த் தரப்பில் இறந்தாலும், தெரிந்த அன்றே வக்கீலிடம் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 90 நாள் அதற்குள் ஓடிவிடும்.

கடைசிக் கட்டமான நிறைவேற்று மனுவை, அதாவது வாங்கிய தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனுவைப் பற்றி யாருமே முன்கூட்டி யோசிப்பதில்லை. இந்தியாவில் வழக்காடியின் கஷ்டம் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1872-லேயே எழுதியது. 2021-ல் உச்ச நீதிமன்றம் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பழைய கிரய ஒப்பந்த வழக்கில், எத்தனை மனுக்கள் நிற்கின்றன என்று எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. வந்த கணக்கு 8.82 லட்சம். மகாராஷ்டிரத்தில் மட்டும் 3.4 லட்சம், தமிழ்நாட்டில் 86 ஆயிரத்துக்கு மேல். ஜெயித்தவர்கள் காத்திருக்கும் வரிசை இது. கேட்டு எண்ணியதால்தான் அந்த வரிசையின் நீளம் தெரிந்தது.

ஆகவே தீர்ப்பு உங்கள் பக்கம் வந்ததும் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போடுங்கள். பொதுவாக நிறைவேற்றக் காலக்கெடு 12 ஆண்டு என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்பி உட்காராதீர்கள். செயலுறுத்துக் கட்டளைத் தீர்ப்பு, அதாவது எதிரி ஒன்றைச் செய்தாக வேண்டும் என்ற தீர்ப்பு என்றால் மூன்றே ஆண்டுதான். தீர்ப்பாகி இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட்டால் கட்டளை 21 விதி 22-ன் அறிவிப்பு பொதுவாகத் தேவைப்படாது. தாண்டினால் மறுபடி எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு, மறுபடி பேட்டா, மறுபடி "கதவு பூட்டியிருந்தது". பாகப்பிரிவினையில் முதல்நிலைத் தீர்ப்பு வந்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. பங்கு எவ்வளவு என்றுதான் அது சொல்லும், எந்த இடம் யாருக்கு என்பது இறுதித் தீர்ப்பில்தான் வரும். அதற்குத் தனி மனு வரட்டும் என்று காத்திராமல் விசாரணை நீதிமன்றமே வழக்கைத் தொடர்ந்து பட்டியலிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் முதல்நிலைத் தீர்ப்புக்குப் பிறகு செயலியில் அடுத்த வாய்தா எதுவும் காட்டவில்லை என்றால், அந்த 2022 தீர்ப்பைச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.