கோயம்புத்தூருக்கு மேலே பனி பெய்கிறது

கார்த்திகை தீபம் முடிந்து மழை கொஞ்சம் ஓய்ந்ததும் கொங்கு நாட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். தோட்டத்துக்காரர்கள், "இன்னும் பனி இறங்கலையே, கொள்ளு எப்படிப் புடிக்கும்?" என்பார்கள். டவுன்காரர்கள், இந்த வருசமாவது பனி கொட்டுமா என்று ஊட்டியில் ரூம் தேட ஆரம்பிப்பார்கள். தோட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. டவுன்காரர்களுக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. பனி பெய்யத்தான் செய்கிறது. அடைமழை பிடித்த நாட்களில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நேர் மேலேயே பெய்கிறது. தரைக்கு வந்து சேருவதில்லை, அவ்வளவுதான்.

மேலே போகப் போகக் குளிரும் என்பது மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறிய எல்லோருக்கும் தெரியும். கணக்குப்படி ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். நம்மூர் வானத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பம் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். வடகிழக்குப் பருவமழை மேகங்களில் பல அதையும் தாண்டி நிற்பவை. அவற்றின் மேல்பாதியில் நடப்பதுதான் வேடிக்கை. பூஜ்யத்துக்குக் கீழே போனவுடன் மேகத்துளி உறைந்துவிடாது. ஒட்டிக்கொள்ளத் தோதான ஒரு தூசி கிடைக்காவிட்டால் மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் அது தண்ணீராகவே மிதக்கும். அப்படிப்பட்ட கூட்டத்துக்குள் சில பனிப்படிகங்கள் உருவாகிவிட்டால் கதை மாறும். துளிகளிலிருந்து கிளம்பும் நீராவியையெல்லாம் இழுத்துக்கொண்டு படிகங்கள் பெரிதாகும், துளிகள் வற்றும்.

இந்தச் சூட்சுமம் ஸ்வீடன்காரரான டோர் பெர்கரோனுக்குப் பிடிபட்டது 1922இல், ஆஸ்லோ பக்கத்து மலையில் தங்கியிருந்தபோது. பூஜ்யத்துக்கு மேலே இருந்த நாட்களில் மூடுபனி காட்டுப்பாதையின் தரைவரை இறங்கி நின்றது. உறைகுளிர் நாட்களில் பாதை மட்டும் தெளிவாக இருந்தது. மரங்களில் ஒட்டியிருந்த பனிப்படலம் சுற்றியிருந்த ஈரத்தை இழுத்துக்கொண்டதுதான் காரணம் என்று ஊகித்தார். மேகத்துக்குள்ளும் இதுவே நடக்கும் என்பது அதன் தொடர்ச்சி.

பெருத்த படிகங்கள் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சாவகாசமாக இறங்கும். 5 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டியதும் உருகி மழைத்துளியாகி வேகம் பிடிக்கும். அந்த உருகும் இடம் வானிலை ரேடாரில் பளிச்சென்று ஒரு பட்டையாகவே தெரியும். ஐப்பசியில் நம் தலையில் நசநசவென்று விழும் மழையில் ஒரு பங்கு, சில நிமிடங்களுக்கு முன்புவரை அசல் பனி. சித்திரை, வைகாசி இடிமழையில் எப்போதாவது ஆலங்கட்டி விழுகிறதே, அது உருகி முடிப்பதற்குள் கீழே வந்துவிட்ட பெரிய கட்டி.

ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா 2,637. உறையும் உயரத்துக்கு இன்னும் 2 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனி கிடக்கிறதென்றால், அது 5,895 மீட்டர் மலை.

சரி, வருசா வருசம் பேப்பரில் வெள்ளைவெளேரென்று ஊட்டிப் புல்வெளி படம் வருகிறதே? அது உறைபனி. மேகத்திலிருந்து வந்ததே இல்லை, புல்லின் மேலேயே உண்டானது. இன்னும் சொன்னால், மேகம் இருந்தால் அது வரவே வராது. கொங்கு நாட்டுக்கும் அதன் மலைகளுக்கும் பனிப்பொழிவு ஏன் வாய்ப்பதில்லை என்பதற்கு உயரம் ஒரு காரணம் என்றால், இது இன்னொன்று. பனி கொட்ட மேகமும் குளிரும் ஒன்றாக வர வேண்டும். நமக்கு மேகம் வரும் நாளில் குளிர் குறைவு, குளிரும் நாளில் மேகம் இல்லை.

காரணம், நம்முடைய கடுங்குளிர் எங்கிருந்தோ வந்து சேருவதைவிட, உள்ளூரிலேயே ராத்திரியில் தயாராவதுதான் அதிகம். பொழுது சாய்ந்ததும் மண்ணும் புல்லும் தகரமும் தங்கள் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் கம்பளி போர்த்தியதுபோல அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வானம் வெறிச்சென்று இருந்தால் போன சூடு போனதுதான். அப்போது புல்நுனி, பக்கத்துக் காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகவே குளிர்ந்துவிடும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மிச்சம் குளிர்ந்த இலையில் துளியாக ஒட்டும். தோட்டத்துக்காரர்கள் சொல்லும் பனி இதுதான். பனி ‘இறங்குகிறது’ என்று நாம் சொன்னாலும், மேலிருந்து எதுவும் விழுவதில்லை.

மார்கழிக் காலையில் உங்கள் தெருவிலேயே இதைப் பார்க்கலாம். வெட்டவெளியில் நிறுத்திய காரின் கூரையும் கண்ணாடியும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். கதவுப் பக்கம் ஈரம் குறைவு. நாலடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்ற கார் காய்ந்து கிடக்கும். மேற்கூரைக்குத் தெரிந்தது வானம், மரத்தடிக் காருக்குத் தெரிந்தது இலை. லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ், 200 வருடத்துக்கு முன்பே கம்பளிப் பஞ்சைப் பலகையின் மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக வைத்து, காலையில் எடை போட்டுப் பார்த்தார். மேலே இருந்ததில்தான் ஈரம் அதிகம். முடிவுகளை 1814இல் வெளியிட்டார்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும்போது பனியே இருக்காது. காற்று மேலே இருக்கும் சூட்டைக் கீழே கலக்கிவிட்டுக்கொண்டே இருக்கும். மழை நின்று, வானம் வெளுத்து, காற்றும் அடங்க வேண்டும். அந்த மூன்றும் கூடும் முதல் ராத்திரிக்குத்தான் கொள்ளு விதைத்தவர்கள் காத்திருக்கிறார்கள். மண்ணில் மழை ஈரம் மிச்சமிருந்தால் கோபிசெட்டிபாளையம் வயல்பக்கம் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்.

கொள்ளு பனியிலேயே விளையும் என்பது பாதி உண்மை. ஒரு ராத்திரிப் பனியைத் திரட்டினால் அரை மில்லிமீட்டர் மழை அளவுக்குத் தேறுவதே அபூர்வம். செடி குடிப்பது பெரும்பாலும் மண்ணில் தங்கிய ஐப்பசி ஈரத்தை. பனி செய்வது, காலையில் சில மணி நேரம் இலை வாடாமல் பார்த்துக்கொள்வது. அதுவே பெரிய உதவிதான். உடுமலைப் பக்கக் கரிசலில் விளையும் கொண்டைக்கடலை இன்னும் சுவாரஸ்யம். அதன் இலை முழுக்க நுண்ணிய முடிகள், அவற்றிலிருந்து அமிலம் கசியும், பனித்துளி அதில் கலக்கும். விடியலில் ஒரு இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் சுரீரென்று புளிக்கும். ராத்திரி செடிமேல் துணி போர்த்தி, காலையில் பிழிந்து அந்தப் புளிப்பு நீரை மருந்துக்கு எடுப்பதும் உண்டு. பக்கத்துக் காட்டில் மக்காச்சோளக் குருத்தின் நுனியில் மட்டும் முத்துமாதிரி நிற்கிறதே, அதைப் பனி என்று நினைக்க வேண்டாம். வேர் உறிஞ்சியதை இலையே வெளியே தள்ளியது அது.

ஊட்டியில் நடப்பதும் இதே கதைதான். இலையின் சூடு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுவதால் நீராவி துளியாகாமல் நேரே படிகமாகிறது. வெப்பமானியை வைப்பது தரைக்குச் சுமார் 4 அடி மேலே, பெட்டிக்குள். அதனால் செய்தியில் 3 டிகிரி என்று சொன்ன காலையிலும் புல் உறைந்திருக்கலாம். தேயிலைக்கு இது பெரிய தொல்லை. உறைந்த கொழுந்து, வெயில் பட்டதும் கருகிவிடும்.

உறைபனி பார்க்க உச்சியில் ரூம் போடுவது வீண்செலவு. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி முழுக்கச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தொட்டபெட்டாவைவிட, ஊட்டிப் பள்ளங்களான குதிரைப் பந்தய மைதானமும் காந்தளும் தலைகுந்தாவும் வெளுப்பது அதனால்தான். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, நட்சத்திரம் நன்றாகத் தெரிந்து, இலை அசையாத ராத்திரியாகப் பாருங்கள். சூரியன் ஏறுவதற்கு முன்னால் பள்ளத்தில் நில்லுங்கள். காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால் 8 மணிக்கு வெறும் ஈரப்புல்தான் இருக்கும்.