பிளவுபடும் என்று தெரியும், எங்கே என்று தெரியாது

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை நமக்கெல்லாம் தெரியும். பலகையில் 64 கட்டங்கள்தான். இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்த்து 67 ஆக்கினால், மொத்த நெல்மணிகள் 147,573,952,589,676,412,927. சுருக்கமாக 2⁶⁷ − 1. எனக்கு மிகவும் பிடித்த எண் இது.

1644-இல் பிரான்ஸைச் சேர்ந்த துறவி மரேன் மெர்சென் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். அதாவது 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாது என்றார். 21 இலக்க எண்ணை யார் சரிபார்ப்பது? 230 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூற்று அப்படியே நின்றது. 1876-இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அது தவறு என்று நிரூபித்தார். அதுவும் ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்!

அது எப்படி? அவருடைய வழியை லெமர் என்பவர் பின்னாளில் எளிமையாக்கித் தந்தார். அந்த வடிவத்தில் பார்ப்போம். 2⁵ − 1 = 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும்: 14. மறுபடியும் அதையே செய்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு முறை: 64 − 2 = 62, மீதி 0. அடுக்கு 5 என்பதால் இரண்டு குறைத்து மூன்று முறை செய்தோம். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. அடுக்கு 67 என்றால் 65 முறை செய்ய வேண்டும். முடிவில் 0 வராது. ஆகவே எண் பிளவுபடும். எங்கே பிளவுபடும் என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது.

1903 அக்டோபரில், நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் 2⁶⁷ − 1-ஐக் கணக்கிட்டார். மறுபக்கம் 193,707,721-ஐ 761,838,257,287-ஆல் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றே. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று சொல்வார்கள். இதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டனவாம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. இந்த வகை எண்களின் காரணிகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சிறிய உதாரணம்: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 2-இன் அடுக்குகளை வரிசையாக 23-ஆல் வகுத்து மீதிகளை எழுதுங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது அடியில் 1 வந்துவிட்டது. இனி அதே சுற்றுதான். வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால், அதில் 1-ஐக் கழித்து வருவதைச் சுற்றின் நீளம் மீதியின்றி வகுக்கும் என்பது பெர்மா என்ற கணிதவியலாளர் கண்ட உண்மையிலிருந்து வருகிறது. 23 − 1 = 22, 11-இன் மடங்கு. 89 − 1 = 88, அதுவும் அப்படியே.

67-க்கும் இதே விதிதான். காரணி ஒற்றைப்படை எண்ணும் ஆகையால், அதில் 1-ஐக் கழித்தால் 134-இன் மடங்காக இருந்தே தீரும். 134-ஐ 14,45,580-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டிப் பாருங்கள். கோல் எழுதிய முதல் எண் வந்து நிற்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் இது சிலிர்ப்பைத் தருகிறது.

2024-இல் கண்டறியப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதையும் லூக்காவின் வழியிலேயே உறுதிசெய்தார்கள். ஆனால் 385 இலக்கமே உள்ள 2¹²⁷⁷ − 1 பிளவுபடும் என்று தெரிந்தும், கணினிகள் எவ்வளவோ தேடியும், ஒரு காரணிகூட இதுவரை சிக்கவில்லை. எப்போது சிக்கினாலும், அதை 1277-இன் இருமடங்கான 2554-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்.