கம்பெனி ஆர்க்கிடெக்ட் போட்ட வரைபடம் எங்கே?

சென்ட்ரல் ஸ்டேஷனைக் கட்டியது யார் என்று கேட்டால் ஹார்டிங், சிஷோம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. எழும்பூர் என்றால் ஹென்றி இர்வின். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே நிற்கும் தெற்கு ரயில்வே தலைமையகத்தைக் கேட்டுப் பாருங்கள், அங்கே தினமும் வேலைக்குப் போகிறவர்களே யோசிப்பார்கள். அதை வடிவமைத்தவர் என். கிரேசன். பிரிட்டிஷ் காலத்து ரயில்வே கம்பெனியான மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயில் சம்பளத்துக்கு இருந்த கம்பெனி ஆர்க்கிடெக்ட்.

பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அதனால் இந்தக் கம்பெனி ஆர்க்கிடெக்ட்டுகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. சிஷோமும் இர்வினும் மெட்ராஸ் அரசாங்கத்துக்கு ஆலோசகர்களாக இருந்தவர்கள். பேரும் புகழும் கிடைத்தது. ரயில்வே கம்பெனியோ இன்ஜினியர்களின் ராஜ்ஜியம். தண்டவாளம், பாலம், யார்டு, இவற்றுக்கு அப்புறம்தான் கட்டடம். அங்கே சம்பளத்துக்கு இருக்கும் ஆர்க்கிடெக்ட்டுக்கு ஆபீஸ், குவார்ட்டர்ஸ், ரயில் ஓட்டுகிறவர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூம், ஆஸ்பத்திரி என்று வேலை வந்துகொண்டே இருக்கும். வரைபடம் பெரும்பாலும் தலைமை இன்ஜினியரின் கையெழுத்தோடு வெளியே போகும். வரைந்தவருக்கு ஓரத்துக் கட்டத்தில் இரண்டு எழுத்து மிஞ்சினால் அதிகம்.

கிரேசனின் கட்டடத்துக்கு 1915-ல் வேலை தொடங்கி, நடுவே உலகப் போர் வந்து, 1922 டிசம்பரில்தான் திறப்பு விழா நடந்தது. கட்டியவர் டி. சாமிநாத பிள்ளை, எழும்பூரைக் கட்டிய அதே கான்ட்ராக்டர். கம்பி போட்ட கான்கிரீட் சென்னைக்குப் புதிதாக இருந்த காலத்தில் அதைப் பயன்படுத்திய கட்டடங்களில் இதுவும் ஒன்று. என்னைக் கேட்டால், அந்த முகப்பு அழகைவிட இந்தத் துணிச்சல்தான் பெரிய விஷயம்.

சரி, வரைந்தவர் பெயரோ வரைபடமோ இல்லாவிட்டால் இன்றைக்கு என்ன நஷ்டம்? பழுது பார்க்கும்போது தெரியும்.

அந்தக் காலத்துச் செங்கல் சுவரின் அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்திருக்கும். கான்ட்ராக்டர் வந்து பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசுவார், மேலே பளபளவென்று பெயின்ட். சில மழைக்காலம் போனதும் அந்த இடத்தை விரலால் தட்டிப் பாருங்கள். டொப் டொப் என்று உள்ளே காலியாகக் கேட்கும். பெயர்த்தால் சிமென்ட் தனியாக வராது, செங்கலின் முகத்தையும் உரித்துக்கொண்டு வரும். சுண்ணாம்பு, சுவருக்குள் ஏறும் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்போடு சேர்ந்து, சிமென்டைவிட மென்மையான செங்கலைத்தான் தின்னும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான், அதில் பேரமே இல்லை.

ஆரம்பகாலக் கான்கிரீட்டின் நோய் வேறு. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கூரையின் அடியில் கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடாக விரிசல் தெரிந்தால் பூசி மறைக்காதீர்கள். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எங்கே செங்கல் முடிந்து கான்கிரீட் தொடங்குகிறது, கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதெல்லாம் மூல வரைபடம் இருந்தால் ஒரு மேஜையைச் சுற்றி நின்று பேசித் தீர்க்கிற விஷயம். இல்லாவிட்டால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். எழும்பூரில் இப்போது மறுசீரமைப்பு நடக்கிறது. 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் இன்றும் நிற்கிறது. இந்தக் கவலை எல்லாவற்றுக்கும் பொது.

பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் தலைமுறையாக ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்கள் நிறைய. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் வரைபடம் வரைந்த ட்ரேசிங் துணியோ, நீலத்தாளில் வெள்ளைக் கோடு போட்ட வரைபடமோ இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, வெயிலும் ட்யூப்லைட்டும் படாத இடத்தில் வையுங்கள்; வெளிச்சத்தில் அந்த நீலம் வெளுத்துவிடும். ஓரக் கட்டத்தில் இருக்கும் எழுத்துகளும் தேதியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, பாரம்பரியக் கட்டட வேலை தெரிந்த ஓர் ஆர்க்கிடெக்ட்டிடம் காட்டுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் மட்டும் வேண்டாம். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது.