டெஸ்டரை நம்பாதீங்க மக்களே

நாகர்கோவில் பக்கம் சோலார், காற்றாலை வேலைக்குப் பையன்களைப் பழக்குகிறேன். வருகிறவர்களில் பலர் ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்தவர்கள். வயரிங் கைவந்தவர்கள். எனக்கு முதல் பயமே அவர்களிடம்தான்.

வீட்டில் மெயினை ஆஃப் செய்தால் லைன் செத்துவிடும். மொட்டை மாடிப் பேனலை ஆஃப் செய்ய வழியில்லை, வெயில் இருக்கும்வரை அதில் வோல்ட் இருக்கும். ஒரு பேனலுக்கு 40, 50 வோல்ட்தான். பத்தை வரிசையாகக் கோத்தால் 400-ஐத் தாண்டும். ஒருநாள், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் பேனல் வயரின் கனெக்டரைப் பிடுங்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். "டெஸ்டர் எரியலையே சார்" என்றான்.

பேனலில் வருவது டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட். அதற்கு டெஸ்டர் சாட்சி இல்லை. வீட்டு லைனில் வரும் ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் பொறி வந்தாலும் அணைந்துவிடும். டிசியில் இழுக்க இழுக்கப் பொறி நீளும். பிளாஸ்டிக் உருகும், கை வெந்துபோகும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்த வேண்டும், அப்புறம் பேனல் லைனைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டர் சுவிட்ச், பிறகு வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். அதுவும் டிசி அளக்கும் மீட்டராக இருக்கணும். ஏசிக்கு மட்டுமான மீட்டர் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். கடைசியாகத்தான் கனெக்டர். இந்த வரிசை கைக்குப் பழகாமல் யாரையும் மாடிக்கு ஏற்றமாட்டேன்.

முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலை வேலை வேறு மாதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று வீசும்போது மிஷினை நிறுத்த யாருக்கும் மனம் வராது. பெரிய சர்வீஸெல்லாம் காற்று ஓய்ந்த மாதங்களில். பழக நினைப்பவர்கள் அப்போது சேர்ந்தால்தான் டவர் ஏறக் கிடைக்கும்.

ஏறுவதை எல்லா இடத்திலும் சொல்லித் தருவார்கள். விழுந்து ஹார்னஸில், அதாவது உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையில், தொங்குகிறவனை இறக்குவதைச் சொல்லித் தருகிறார்களா? அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது, கூட ஏறியவன்தான் இறக்க வேண்டும்.

பெற்றோர் என்னிடம் கேட்பது "வேலை உறுதிதானே சார்?" என்றுதான். நியாயமான கேள்வி. மத்திய அரசின் பயிற்சித் திட்டங்களான சூர்யமித்ரா (சோலார்), வாயுமித்ரா (காற்றாலை) இவற்றில் சேர்க்கை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். எந்தப் பயிற்சி இடமானாலும் பணம் கட்டும் முன் ஒரு நடை போய், அங்குள்ள ஹார்னஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். தையல் விட்டிருந்தாலோ, லேபிளில் தேதி அழிந்திருந்தாலோ பையனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.