கண்ணால் பார்த்த சூடு: பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்கள் ஏன் உடைந்தன?

போல்ட்-ஆக்‌ஷன் ரைபிளில் போல்ட் என்ற உருளைத் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றிப் பூட்டுவார்கள். அதன் உயிர்நாடி ரிசீவர். குழலின் பின்முனை இதில்தான் திருகப்படுகிறது. போல்ட்டின் முன்முனையில் இருக்கும் இரண்டு பூட்டுக்காதுகளும் இதன் உள்பள்ளங்களில்தான் மாட்டிக்கொள்கின்றன. சுடும்போது தோட்டா பின்னோக்கித் தள்ளும் விசை காதுகள் வழியாக ரிசீவரில் இறங்கும். ஆகவே அதன் மேல்தோல் தேயாத அளவுக்குக் கடினமாகவும், உள்பகுதி அடி விழுந்தாலும் நொறுங்காததாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்க ராணுவத்தின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளுக்குக் கார்பன் குறைந்த எஃகைப் பயன்படுத்தினார்கள். பழுக்கக் காய்ச்சி, சம்மட்டி இயந்திரத்தில் அடித்து, கடைந்து உருவாக்கிய ரிசீவரை எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்து, சுமார் 815 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வைப்பார்கள். கரியிலிருந்து கார்பன் மேல்தோலில் ஊறும். பிறகு எண்ணெயில் தோய்த்தால் தோல் இறுகிவிடும். முறையில் தவறில்லை, சூட்டை அளந்த விதத்தில்தான் தவறு. இரும்பின் நிறத்தைப் பார்த்தே அனுபவமுள்ள தொழிலாளிகள் பதம் சொன்னார்கள்.

1917-இல் சில ரிசீவர்கள் வெடித்துச் சிதறின. விசாரணையில் உலைகளுக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நல்ல வெயில் நாளில், மேகமூட்டமான நாளில் தெரியும் அதே நிறம் தெரிய இரும்பு 165 டிகிரி வரை கூடுதலாகச் சூடாக வேண்டியிருந்தது. வெளிச்சத்தில் கண் ஏமாந்துபோனது.

கொஞ்சம் மிகுந்த சூட்டில் எஃகின் மணிகள், அதாவது அதற்குள் இருக்கும் நுண்படிகங்கள், பெருத்துவிடும். அதை மறுபடி முறையாகக் காய்ச்சிச் சரிசெய்யலாம். அதையும் தாண்டிச் சூடேறினால் மணிகளின் எல்லைகளில் ஆக்சிஜன் புகுந்துவிடும். அது கருகிய எஃகு. எந்தப் பதப்படுத்தலும் அதை மீட்காது.

ஒவ்வொரு ரைபிளையும் அழுத்தம் மிகுந்த சோதனைத் தோட்டாவால் சுட்டுப் பார்த்துத்தானே அனுப்பினார்கள்? ஆம், கருகிய ரிசீவரும் அதில் தேறியது. தோட்டாவின் பித்தளைக் கூடு சேதப்படாதவரை ரிசீவருக்கு வருவது பூட்டுக்காதுகள் வழியாக வரும் சீரான சுமைதான், அதைத் தாங்கும் வலு அதற்கு இருந்தது. ஆனால் இந்த ரைபிளின் அமைப்பில் கூட்டின் அடிப்பாகம் கொஞ்சம் ஆதரவின்றி வெளியே நிற்கும். பித்தளை மென்மையாக இருந்து அங்கே கிழிந்தால், வாயு திடீரென ரிசீவருக்குள் பாயும். அந்த அதிர்ச்சியை வளைந்து வாங்கிக்கொள்ளும் குணம் கருகிய எஃகில் இல்லை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலே உடைந்த ரிசீவர்கள் உண்டு.

1918-இல் இரட்டைப் பதப்படுத்தல் வந்தது: முதல் தோய்ப்புக்குப் பின் சுமார் 705 டிகிரிக்கு மீண்டும் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, கடைசியில் சுமார் 175 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து இறுக்கம் தளர்த்தினார்கள். இப்படிச் செய்த ரிசீவர்கள் மிகவும் உறுதியானவை. பின்னாளில் நிக்கல் எஃகும் வந்தது.

பழையவைதான் தலைவலி. ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவ ஆயுதத் தொழிற்சாலையில் செய்தவற்றில் 800,000-க்கும், ராக் ஐலண்டு தொழிற்சாலையில் செய்தவற்றில் 285,507-க்கும் கீழே வரிசை எண் கொண்டவை என மொத்தம் 10 லட்சத்துக்கும் மேல். எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் எது நல்லது என்று ரிசீவரை உடைக்காமல் நம்பகமாகச் சொல்ல வழியில்லாததால் வரிசை எண்ணை வைத்தே ஒதுக்கினார்கள். இன்றும் அந்த எண்கள் கொண்ட ரைபிளைச் சுடக் கூடாது. “நூறு வருடமாக நன்றாகச் சுடுகிறதே” என்பது இதற்குப் பதில் ஆகாது. ஒரு கூடு கிழியும் நாள் வரை அந்த எஃகுக்கு உண்மையான சோதனை வந்திருக்காது.